மிட்லைஃப் கிரைசிஸ்: நெருக்கடியா, கழிவிரக்கமா?

நாற்பதைக் கடந்த ஒருவர் தாம் வாழ்ந்த வாழ்வையும் வாழாமல் விட்ட வாழ்வையும் அருகருகே வைத்துப் பார்த்து உள்ளுக்குள் உடைவதை மையமாகக் கொண்ட திரைப்படத்தை 'மிட்லைஃப் கிரைசிஸ் டிராமா' என்று விமர்சனங்கள் குறிப்பிடுகின்றன. இத்தொடருக்குத் தமிழில் 'நடுவயது நெருக்கடி' என்பதே பெருவழக்கு. உளவியலைப் பொறுத்தவரை அது பழுதற்ற ஆக்கம். ஆனால் அந்தப் படங்கள் உண்மையில் காட்டும் உணர்வை அது சுட்டுகிறதா என்பது தனியே ஆராயத்தக்கது.

'கிரைசிஸ்' கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரித்தல், தீர்மானித்தல் என்ற பொருளுடைய வினையடியாகப் பிறந்த அச்சொல்லைப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள், நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்பது முடிவாகும் கட்டத்தைக் குறிக்கப் பயன்படுத்தினர். அதாவது, இரு வழிகள் பிரியும் இடம் அது. தமிழின் 'நெருக்கடி'யோ நெருக்குதல் என்ற வினையோடு தொடர்புடையது. நாற்புறமும் இடமின்றி இறுக்கப்படும் நிலையை, பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தை, அது உணர்த்துகிறது. பணநெருக்கடி, அரசியல் நெருக்கடி என்னும்போது அச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. வேலையும் வீடும் குடும்பமும் குறைவின்றி அமைந்திருக்க, எவரும் எதுவும் நெருக்காத ஓர் இரவில் உறக்கம் வராமல் கிடப்பவரின் நிலைக்கு அது அவ்வளவு எளிதாகப் பொருந்துவதில்லை.

முழுத்தொடரையும் வழக்கில் நிலைநிறுத்தியவர் கனடாவில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ். மரணத்தையும் நடுவயது நெருக்கடியையும் இணைத்து அவர் எழுதிய கட்டுரை 1965ஆம் ஆண்டு பன்னாட்டு உளப்பகுப்பாய்வு இதழில் வெளியாயிற்று. புகழ்பெற்ற கலைஞர்கள் பலருடைய வாழ்க்கையை ஒப்பிட்டுப் பார்த்த அவர், முப்பத்தைந்து வயதை ஒட்டிய ஆண்டுகளில் சிலருடைய படைப்பாற்றல் வற்றுவதையும், சிலருடையது புதிதாகப் பீறிடுவதையும், சிலர் இறந்தே போவதையும் கவனித்தார். முப்பத்தாறு வயதான ஒருவர் சொன்னதையும் அக்கட்டுரை பதிவுசெய்கிறது: அதுவரை முடிவின்றி மேலேறும் சரிவாகத் தோன்றிய வாழ்க்கையில், திடீரென உச்சியை அடைந்துவிட்டதாகவும், எதிரே இறங்கும் பாதையும் அதன் முடிவும் கண்ணில் படுவதாகவும் அவர் கூறினார். ஆகவே ஜாக்ஸ் கருதிய நெருக்கடி, தானும் இறக்கப்போகிறவன் என்பதை அறிவால் மட்டுமின்றி உள்ளத்தாலும் ஒருவர் ஏற்க நேரும் கட்டமே. புதிய வாகனம் வாங்குவதும் இளவயதுத் துணையைத் தேடுவதும் அத்தொடரின் அடையாளங்களாக ஆனது, 1970களில் வெகுமக்கள் நூல்கள் அதைப் பரப்பிய பிறகுதான் நிலைபெற்றது. நகைச்சுவைப் படங்கள் பிடித்துக்கொண்டது இந்தப் பிற்காலப் பொருளை.

திரைப்படமோ இந்தச் சொற்றொடருக்காகக் காத்திருக்கவில்லை. படமெடுக்க எல்லாம் தயாராக இருந்தும் என்ன எடுப்பது என்றே தெரியாமல் திணறும் நாற்பத்துமூன்று வயது இயக்குநரைப் பற்றி இத்தாலியத் திரைக்கலைஞர் ஃபெலினி எடுத்த 'எட்டரை' 1963இலேயே வெளிவந்துவிட்டது. பொருள் முன்னும் பெயர் பின்னுமாக வந்த வகை இது.

ஆய்வாளர்கள் பிற்பாடு இக்கருத்தைச் சற்று ஐயத்தோடு பார்த்தனர். 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய நடுவயதினர் பற்றிய விரிவான ஆய்வின் தொடர்ச்சியில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் மட்டுமே தமக்கு அத்தகைய நெருக்கடி நேர்ந்ததாகக் கூறினர். அவர்களிலும் பலர் சுட்டிய காரணம் வயதன்று. மணமுறிவு, வேலையிழப்பு போன்ற நிகழ்வுகள். நெருக்கடி என்பது எல்லோர்க்கும் வருவதன்று என்றால், நாற்பதுகளைப் பற்றிய படங்கள் ஏன் இத்தனை பேரைத் தொடுகின்றன? அவை காட்டுவது நெருக்கடியை அன்று, அதைவிடப் பரவலான வேறோர் உணர்வை என்பதே என் கருத்து.

அவ்வுணர்வுக்குத் தமிழில் 'கழிவிரக்கம்' என்ற பெயர் இருக்கிறது. கழிவு, இரக்கம் என்னும் இரு சொற்கள் சேர்ந்தது. கழிந்துபோனதை எண்ணி இரங்குதல் என்பது பொருள். இரக்கம் என்பதை இன்று பிறர்மேல் கொள்ளும் பரிவாக மட்டுமே கொள்கிறோம். பழந்தமிழில் இரங்கல் என்பது வாய்விட்டு வருந்துதலையும் உள்ளடக்கியது. நெய்தல் திணைக்கு உரிப்பொருளாகவே இலக்கணம் அதை வகுத்தது. தொடித்தலை விழுத்தண்டினாரின் புறநானூற்றுப் பாடல் (243) தொடக்கத்திலேயே 'இனிநினைந் திரக்க மாகின்று' என்கிறது. நீர்மேல் சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்கத் துடுமெனக் குதித்து, ஆழத்து மணலை அள்ளிவந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று, இருமலுக்கிடையே சில சொற்கள் பேசும் முதியவர் கேட்பதாக அப்பாடல் அமைந்துள்ளது. வாய்த்து இழந்ததற்கான இரக்கம் அது.

இங்கே ஒரு தடை எழும். அம்முதியவருக்கு இளமை வாய்த்தது, கழிந்தது. திரைப்பட நாயகனோ எழுதாத நாவலுக்கும் சொல்லாத காதலுக்கும் அல்லவா வருந்துகிறான், நடவாத ஒன்று எப்படிக் கழியும்? கழிந்தது நிகழ்ச்சி அன்று, அது நிகழ்ந்திருக்கக்கூடிய காலம் என்று கொண்டால் தடை நீங்குகிறது. 'டிராமா' என்னும் கிரேக்கச் சொல் செய்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். செய்யாமல் விட்டவற்றையே கதையாக்கும் இவ்வகைப் படத்துக்கு அப்பெயர் ஒரு முரண்தான்.

கழிவிரக்கத்துக்கு இக்காலத்தில் இரு இடையூறுகள் உண்டு. கழிவு என்றதும் குப்பையும் சாக்கடையும் நினைவுக்கு வருவது ஒன்று. தன்னையே எண்ணித் தான் உருகும் நிலைக்கு அச்சொல்லைப் பலரும் வழங்குவது மற்றொன்று. பின்னதற்குத் 'தன்னிரக்கம்' என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. தன்னிரக்கத்தில் மூழ்கியவர் உலகம் தமக்கு இழைத்ததையே பேசுவார். கழிவிரக்கம் கொண்டவர் தாம் தேர்ந்ததையும் தவறவிட்டதையும் எண்ணுவார். நல்ல நடுவயதுப் படம் முதலாவதில் தொடங்கி இரண்டாவதை நோக்கி நகர்கிறது. நகராத படம் புலம்பலாக நின்றுவிடுகிறது.

'ஏமாற்றம்' என்ற சொல்லும் விமர்சனங்களில் அடிக்கடி வருவதுண்டு. அதில் ஏமாறுவதும் உண்டு, ஏமாற்றுவதும் உண்டு. தன் இருபது வயது எதிர்பார்ப்பே தன்னை ஏமாற்றியது என்று உணரும் பாத்திரத்துக்கு இந்த இருபொருள் கைகொடுக்கும். ஆயினும் அது உணர்வின் தொடக்கத்தை மட்டும் சுட்டுகிறது. பல ஆண்டுகள் உள்ளே கிடந்து ஊறிய வருத்தத்தைச் சுட்டுவதில்லை.

இப்படங்களுக்கு ஒட்டப்படும் 'ஆஃப்பீட்' என்ற அடைமொழி இசையிலிருந்து வந்தது. தாளத்தில் அழுத்தம் விழாத இடத்தைக் குறிப்பது. 'தாளம் தப்பிய' என்று பெயர்த்தால் குறையைச் சொன்னதாகிவிடும். 'வழமை மீறிய' என்பது போதும்.

வயதைக் குறிக்க 'நடுவயது', 'இடைவயது' இரண்டுமே பொருந்தும். முன்னது மக்கள் பேச்சுக்கு நெருக்கமானது. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழாகப் பிரித்து நாற்பதோடு நிறுத்திக்கொண்டன. நாற்பதுக்குப் பின் என்ன என்பதற்கு அந்த வரிசையில் பெயரே இல்லை. ஆகவே உளவியல் கட்டுரையில் 'நடுவயது நெருக்கடி' என்றும், திரைப்பட வகையைச் சொல்லும்போது 'நடுவயதுக் கழிவிரக்கப் படம்' என்றும் எழுதலாம். பின்னது சற்று நீளமாகத் தோன்றினால், படத்தின் பொருள் முன்பே தெளிவாகிவிட்ட இடங்களில் 'கழிவிரக்கப் படம்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.