பி.ஆர்.: குடியுரிமையா, வதிவுரிமையா?

போன ஆண்டு நண்பர் ஒருவருக்காக ஒரு பொது அதிகாரப் பத்திரத்தின் வாசகத்தை எழுதிக் கொடுத்தேன். அவருடைய மகள் டொரன்டோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். ஊரில் தன் பெயரில் இருக்கும் வீட்டுமனையை விற்கும் அதிகாரத்தை அவர் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டும். ‘கனடா நாட்டில் நிரந்தரக் குடியுரிமை பெற்று வசித்துவரும்’ என்று மகளை அறிமுகப்படுத்தி எழுதினேன். நாளிதழ்களில் தினமும் கண்ணில் படும் தொடர். கை தானாக எழுதிவிட்டது. மகளும் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். இங்கே பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அந்த வரியிலேயே நின்றுவிட்டார். “கனடாக் குடியுரிமை என்றால் ஓ.சி.ஐ. அட்டை எங்கே?” வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை அது. நண்பர் மகளின் இந்தியக் கடவுச்சீட்டு நகலை நீட்டினார். “வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் இதை வைத்திருக்கக் கூடாதே” என்றார் எழுத்தர்.

அவர் சொன்னது சரி. இந்தியக் குடியுரிமைச் சட்டம், 1955இன் 9ஆம் பிரிவுப்படி, தாமாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெறுபவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகனாக இருப்பதை இழக்கிறார். அந்தப் பெண்ணோ எதையும் இழக்கவில்லை. அவர் வாங்கியிருந்தது பி.ஆர்., அதாவது பெர்மனென்ட் ரெசிடென்ஸ். அதைக் ‘குடியுரிமை’ ஆக்கியது நான். பத்திரத்தை மறுபடி எழுதி, அவர் மறுபடி ஒருநாள் விடுப்பெடுத்து, மறுபடி தபால். அந்தக் கூச்சத்தில்தான் இந்தச் சொல்லின் பின்னால் கொஞ்சம் நடந்து பார்த்தேன். (ஓ.சி.ஐ.யின் விரிவான ‘ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா’விலும் ‘இந்தியக் குடிமகன்’ இருக்கிறார். ஆனால் அந்த அட்டை தருவதும் குடியுரிமை அல்ல. அது ஆங்கிலத்திலேயே உள்ள குழப்பம், நம் தலையில் கட்ட வேண்டாம்.)

ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் வேர் வேறு. ‘ரெசிடென்ட்’ என்பது லத்தீனின் ‘ரெசிதேரே’ என்ற வினையிலிருந்து வந்தது. உட்கார்ந்துவிடுதல் என்பது அதன் அடிப்பொருள். “வேலைக்கென்று போனான், அங்கேயே உட்கார்ந்துவிட்டான்” என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான். ‘சிட்டிசன்’ நகரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. நகரத்தின் உறுப்பினன், அதன் முடிவுகளில் பங்குள்ளவன். ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், இன்னொருவர் பங்காளி. சொற்கள் முட்டிக்கொள்வதில்லை.

தமிழில் இரண்டும் ஒரே ‘குடி’க்குள் அடங்கிவிட்டன. ‘படைகுடி கூழ்அமைச்சு நட்பரண்’ என்று வள்ளுவர் அடுக்கும்போது குடி என்பது நாட்டு மக்கள். ‘குடிமை’ என்று அவரே ஓர் அதிகாரம் வைக்கும்போது அது பிறந்த குலம். இன்றைய பேச்சில் “மாடியில் குடியிருப்பவர்” என்றால் வாடகைக்கு இருப்பவர்; அவர் தரும் வாடகைக்குக் குடிக்கூலி என்றே பெயர். ஆக, குடியரசில் வரும் குடிக்கு வாக்கு உண்டு. குடிக்கூலியில் வரும் குடிக்கு வீட்டுக்காரர் சொன்னால் காலி செய்ய வேண்டிய நிலை. ‘குடியுரிமை’ என்ற சொல்லைப் புதிதாகக் கேட்பவர் அதைக் குடியிருக்கும் உரிமை என்று பிரித்துக்கொண்டால் இலக்கணத்தில் பிழை சொல்ல முடியாது. நாளிதழ் உதவி ஆசிரியர்களின் கவனக்குறைவு என்று நினைத்திருந்தேன். இல்லை, அந்தச் சொல்லே வழுக்குப்பாறை.

இந்தப் பாறையில் வழுக்காதவர்கள் ஈழத்தமிழர்கள். அங்கே சிட்டிசன்ஷிப் என்பது ‘பிரஜாவுரிமை’. ரெசிடென்ஸ் என்பது ‘வதிவிடம்’. கிராம அலுவலர் தருவது வதிவிடச் சான்றிதழ். வதிதல் என்றால் தங்குதல். சங்கப் பாடல்களில் பறவைகளும் விலங்குகளும்கூட வதியும். வடமொழி ‘வஸ்’ஸிலிருந்து வந்தது என்று அகராதி வழியில் சொல்வாரும் உண்டு. எங்கிருந்து வந்தாலும், தமிழ்நாட்டில் நாம் கைவிட்ட இந்த வினையை அவர்கள் அலுவலக மேசைவரை கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ‘நிரந்தர வதிவிட உரிமை’ என்றும் சுருக்கமாக ‘வதிவுரிமை’ என்றும் எழுதுகிறார்கள்.

அவர்கள் இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இலங்கையின் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியது. அவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன் அறைகளில் தலைமுறைகளாக வதிந்தவர்கள். வதிவிடம் இருந்தது, பிரஜாவுரிமை இல்லை. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மனிதர்கள் விழுந்ததைப் பார்த்த நாட்டில் இரு சொற்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப மனம் வராது. ‘இமிகிரேஷன்’ விஷயத்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் ‘குடியேற்றம்’ என்று சாதாரணமாக எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் காதில் அது, கிழக்கிலங்கையின் கல்லோயா தொடங்கி அரசு திட்டமிட்டு நடத்திய நிலக் குடியேற்றங்களின் பெயர். அதனால் அங்கே துறையின் பெயர் ‘குடிவரவு’, வெளியேறுவது ‘குடியகல்வு’. என்ன அழகான இணை!

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அங்கேயும் சொல் தேர்ந்து நிற்கிறது. துறைக்குப் பெயர் ‘குடிநுழைவு’, பி.ஆர். வைத்திருப்பவர் ‘நிரந்தரவாசி’. செய்திகளில் ‘குடிமக்களும் நிரந்தரவாசிகளும்’ என்று எப்போதும் இரண்டாகவே வரும். அடையாள அட்டையின் நிறமும் பிரிந்தே இருக்கிறது: குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, நிரந்தரவாசிக்கு நீலம். மலேசியாவில் குடிமகனுக்கு நீலம், நிரந்தரவாசிக்குச் சிவப்பு. ‘சிவப்பு அடையாள அட்டை’ என்று மலேசியத் தமிழர் சொல்வதில் ஒரு பெருமூச்சு இருக்கும். அங்கேயே பிறந்து, அங்கேயே முதுமையடைந்தும் நீலம் கிடைக்காத இந்தியர்களின் பிரச்சினைக்கே அதுதான் பெயர்.

இனிக் கனடா. அங்குள்ள மூத்த தமிழர்கள் பி.ஆர். என்று சொல்வதில்லை, ‘லாண்டட்’ என்பார்கள். லாண்டட் கிடைத்துவிட்டதா, லாண்டட் பேப்பர் எங்கே என்பது பேச்சு. பழைய சட்டத்தில் இந்த நிலைக்கு ‘லாண்டட் இமிகிரன்ட்’ என்று பெயர், அதாவது கரையிறங்கிய குடிவரவாளர். கப்பல் காலத்துச் சொல். 1928 முதல் 1971 வரை ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் துறைமேடையில் வந்து இறங்கியவர்களுக்கு அது நேர்ப்பொருளிலேயே பொருந்தியது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீனவர்களால் காப்பாற்றப்பட்ட 155 தமிழர்களுக்கும் கரை நேர்ப்பொருளிலேயே கிடைத்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் கரையேறுவது வேறு, ‘லாண்டட்’ ஆவது வேறு. 1978இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலேயே ‘லாண்டட் இமிகிரன்ட்’ போய் ‘பெர்மனென்ட் ரெசிடென்ட்’ வந்துவிட்டது. 2002 ஜூன் 28 அன்று புதிய குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘லாண்டட் பேப்பர்’ என்று மடித்து வைத்த ஐ.எம்.எம். 1000 தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் அட்டை. இப்போது ஏற்கெனவே கனடாவுக்குள் இருப்பவருக்கு எல்லா உறுதிப்படுத்தலும் இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. தரையே வேண்டாத அந்தச் சடங்குக்கும் ‘லாண்டிங்’ என்றுதான் இன்னும் சொல்கிறார்கள்.

‘நிரந்தரம்’ என்ற அடைமொழியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். லத்தீனின் ‘பெர்மனேரே’ கடைசிவரை தங்கியிருப்பது. வடமொழியின் ‘நிரந்தர’ என்பது நிர், அந்தர என்று பிரியும். இடைவெளி அற்றது என்று பொருள். ஆனால் கனடாச் சட்டம் இடைவெளியைத் தாராளமாகவே அனுமதிக்கிறது. எந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டாலும் அதில் 730 நாள் நாட்டுக்குள் இருந்தால் போதும். மீதி மூன்று ஆண்டை ஒருவர் மன்னார்குடியில் கழிக்கலாம். 730 நாளுக்குக் குறைந்தால்தான் ‘நிரந்தர’த்துக்கு ஆபத்து, அப்போதும் அதிகாரி முறைப்படி முடிவெடுக்கும்வரை உரிமை தானாகப் போய்விடாது. பலர் அஞ்சுவதுபோல, ஐந்து ஆண்டில் காலாவதியாவது அட்டைதான், உரிமை அல்ல. அட்டை இல்லாமல் விமானம் ஏறுவது பெரும்பாடு என்பது வேறு கதை.

பி.ஆர். பெற்றவர் எந்த மாகாணத்திலும் வசிக்கலாம், வேலை பார்க்கலாம், மாகாண மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். வாக்களிக்க முடியாது, கனடாக் கடவுச்சீட்டு கிடையாது. அந்நாட்டு உரிமைச் சாசனத்தின் 6ஆம் பிரிவு இந்த வேறுபாட்டை அப்படியே பிட்டுவைக்கிறது: நாட்டுக்குள் நுழையவும் தங்கவும் வெளியேறவுமான உரிமை குடிமகனுக்கு, மாகாணம் விட்டு மாகாணம் போய் வாழும் உரிமை குடிமகனுக்கும் நிரந்தர வதிவாளருக்கும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆகவே ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று ஒன்று இல்லவே இல்லை. குடியுரிமையில் தற்காலிகம் என்று ஒரு வகை இருந்தால்தானே நிரந்தரம் என்று இன்னொன்று வேண்டும்?

இந்த உரிமைக்கு வேலைத்திறனைக் காட்டி விண்ணப்பிப்பவரை ஆங்கிலத்தில் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ என்கிறார்கள். நம் விளம்பரங்களில் ‘திறன்மிகு பணியாளர்’. ‘மிகு’ எனக்கு மிகையாகப் படுகிறது. சட்டம் தேடுவது அபூர்வத் திறமைசாலியை அல்ல. தன் பட்டியலில் உள்ள ஒரு வகைத் தொழிலைச் செய்தவரை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் இணையவழித் தேர்வுமுறையின் கீழ்வரும் தொழில்வினைஞர் திட்டத்தில் மின்பணியாளரும் சமையற்காரரும் இறைச்சி வெட்டுபவரும் ரொட்டி சுடுபவரும் உண்டு. ‘ஸ்கில்’ என்பதன் பழைய ஸ்காண்டிநேவிய மூலத்துக்குப் பிரித்தறிதல், வேறுபாடு என்று பொருள். நம் ‘திறம்’ என்ற சொல்லுக்கும் முதலில் வகை, கூறுபாடு என்ற பொருள் இருந்தது. ‘இருதிறத்தாரும்’ என்று எழுதுகிறோமே, அதில் திறமை எங்கே இருக்கிறது? இரண்டு மொழியிலும் பிரிவைக் குறித்த சொல் ஆற்றலைக் குறிக்க வந்திருக்கிறது. ‘திறன்சார் பணியாளர்’ போதும்.

அந்தத் திறனைக் கனடா 1967 முதல் மதிப்பெண்ணில் அளக்கிறது. இன்றைய கூட்டாட்சித் திறன்சார் பணியாளர் திட்டத்தில் நூற்றுக்கு 67 தேற வேண்டும்: மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, உறுதியான வேலைக்கு 10, பொருந்திப்போகும் தன்மைக்கு 10. இது வாசல்படி மட்டுமே. 2015 ஜனவரி முதல் நடப்பிலுள்ள எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 1200க்கு இன்னொரு தரவரிசை இருக்கிறது. அங்கே மணமாகாதவருக்கு 20 முதல் 29 வயதுவரை வயதுக்கு 110 மதிப்பெண். முப்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாக 105. நண்பரின் மகள் அந்தப் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவே மறுத்தாராம்.

இங்கே ‘விண்ணப்பம்’ என்ற சொல்லும் இடறுகிறது. “கனடாவுக்கு அப்ளை செய்திருக்கிறான்” என்று பெற்றோர் பூரிக்கும்போது, பையன் பெரும்பாலும் தன் விவரங்களைக் குளத்தில் போட்டுவிட்டுக் காத்திருப்பான். அந்தக் காத்திருப்போர் தொகுப்புக்கு ஆங்கிலத்தில் ‘பூல்’ என்றுதான் பெயர். தரவரிசையில் மேலே இருப்பவருக்கு அழைப்பு வரும். அதன் பிறகு 60 நாளுக்குள் கொடுப்பதுதான் விண்ணப்பம். முதலாவதை ‘விருப்பப் பதிவு’ என்று சொல்லிவிட்டால் சொந்தக்காரர்களின் விசாரிப்புக்குப் பதில் சொல்வது எளிது.

சரி, எதை எழுதலாம்? ‘நிரந்தர வசிப்புரிமை’ தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும், தப்பில்லை. சோழர் பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் ‘புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்’ என்று வருகிறது. வேற்றுப் புலத்திலிருந்து வந்து தங்கியவர்களுக்கு இதைவிட இதமான தொடர் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ‘உறை’யைக் கொண்டு ‘உறைவுரிமை’ என்று ஆக்கலாமா என்று ஆசைப்பட்டேன். தலையணைக்குப் போடும் உறை நினைவுக்கு வந்து கெடுத்தது. குளிரில் உறைவதும் சேர்ந்துகொண்டது, அதுவும் கனடாவில். ஏற்கெனவே லட்சக்கணக்கான தமிழர்கள் புழங்கும் ‘வதிவுரிமை’ இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வது வீண்வேலை. உரிமைக்கு ‘நிரந்தர வதிவுரிமை’, ஆளுக்கு ‘நிரந்தர வதிவாளர்’ அல்லது சிங்கப்பூரின் ‘நிரந்தரவாசி’. நான் இதில் நின்றுவிட்டேன்.

இரண்டாவது பத்திரத்தில் ‘இந்தியக் குடிமகளும், கனடாவில் நிரந்தர வதிவுரிமை பெற்று டொரன்டோ நகரில் வசித்துவருபவருமான’ என்று எழுதினேன். எழுத்தர் நிதானமாகப் படித்தார். “வதிவுரிமை என்றால் என்ன சார்?” என்று நண்பரைக் கேட்டார்.

“பி.ஆர்.” என்றார் நண்பர். முத்திரை விழுந்தது.