‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா?

2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வறண்டு, பல இடங்களில் டேங்கர் லாரியை எதிர்பார்த்தே பொழுது விடிந்தது. அல்சூரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் ஒருநாள் காலை இப்படி ஒரு செய்தி: ‘சம்ப் வாட்டர் இஸ் ரன்னிங் லோ.’ சம்ப் என்பது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. வாணியம்பாடியிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “அடியே, கீழ தண்ணி ஓடுதாம்டி. பைப்பு உடைஞ்சிடுச்சோ என்னவோ!” என்று மூன்று மாடி இறங்கிப் போனார். திரும்பி வந்து, “ஓடற தண்ணியும் இல்ல, நிக்கற தண்ணியும் இல்ல. தரை தெரியுது” என்றார்.

அம்மா ஒரு நோட்டுப் போட்டு இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதிப் படித்துவருகிறார். அதில் ‘ரன் – ஓடு’, ‘லோ – கீழே’ என்று இருக்கிறது. இரண்டுமே சரி. இரண்டையும் சேர்த்தால் மட்டும் ‘தண்ணீர் தீரப்போகிறது’ என்ற பொருள் எங்கிருந்து வந்தது? அன்று முழுவதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’. சுமார் 430 பொருள். பிறகு அகராதியைத் திருத்தத் தொடங்கினார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் ‘ரன்’ என்ற ஒரே சொல்லோடு ஒன்பது மாதங்களுக்கு மேல் உட்கார்ந்தார். வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் தேறியது. இயந்திரம், ரயில், கம்ப்யூட்டர் என்று புதிதாக எது வந்தாலும் அது ‘ரன்’ ஆனது. பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் காலால் ஓடுவதையும் தண்ணீர் ஓடுவதையும் சேர்த்தே குறித்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இதில் நமக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நம் ஊரிலும் பையனும் ஓடுகிறான், பாலாறும் ஓடுகிறது.

தமிழ் ‘ஓடு’வும் லேசுப்பட்டதல்ல. கடிகாரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கவலையில் வேலை ஓடவில்லை. “பொழப்பு எப்படிப் போகுது?” என்றால் “ஏதோ ஓடுது” என்கிறோம். ஆனால் இரண்டு மொழியும் எல்லா இடத்திலும் ஒரே தடத்தில் போவதில்லை. இங்கிலீஷில் மூக்கு ‘ரன்’ ஆகும், நமக்கு ஒழுகும். துணியின் நிறம் அங்கே ‘ரன்’ ஆகும், இங்கே சாயம் போகும். கம்பெனியை அவர்கள் ‘ரன்’ பண்ணுவார்கள், நாம் நடத்துவோம். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ பண்ணுகிறார். பிரிட்டிஷ்காரர் நம்மைப் போலவே ‘நிற்கிறார்’.

ஒரு சொல்லைக் கடன் வாங்கும்போதும் அதன் சொத்து முழுவதையும் நாம் வாங்கிவருவதில்லை. தமிழுக்குள் வந்த ‘ரன்’ பெரும்பாலும் சின்னசாமி ஸ்டேடியத்தில் எடுக்கும் ரன்தான். ‘ரன்னிங்’ என்றால் ஓடுகிற பஸ். அவ்வளவோடு சரி.

இத்தனை பொருளில் சரியானதை மூளை எப்படிப் பிடிக்கிறது? 1979-இல் டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ‘பக்’ என்ற இங்கிலீஷ் சொல்லுக்குப் பூச்சி என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் பொருள். அறை மூலையில் சிலந்தி, கரப்பான், இன்ன பிற ‘பக்’ கிடந்தன என்று ஒரு வாக்கியத்தைக் காதில் ஒலிக்கவிட்டார்கள். அந்தச் சொல் ஒலித்து முடிந்த கணமே திரையில் ஒரு சொல் தோன்றும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பட்டனை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எறும்பு’ என்பதற்கு விடை வேகமாக வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ‘ஒற்றன்’ என்பதற்கும் அதே வேகத்தில் விடை வந்தது! சிலந்தியும் கரப்பானும் அத்தனை தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகும், மூளை ஒட்டுக்கேட்கும் கருவியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கிறது. மூன்று அசை கடந்து சோதித்தபோது ஒற்றன் மறைந்துவிட்டான். எறும்பு மட்டும் நின்றது. மூளை எல்லாக் கதவையும் ஒரே சமயத்தில் திறந்து, ஒரு நொடி ஆவதற்குள் வேண்டாததை மூடிவிடுகிறது.

கதவுகள் அதிகமானால் தாமதமாகாதா? அது கதவுகளுக்குள் இருக்கும் உறவைப் பொறுத்தது. ஜெனிஃபர் ராட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 2002-இல் காட்டியது இது: ஒன்றுக்கொன்று உறவுள்ள பல பொருள் கொண்ட சொற்களை நாம் வேகமாக அடையாளம் காண்கிறோம், உறவே இல்லாத பொருள்கள் ஒரே சொல்லில் தங்கியிருந்தால் சற்றே தடுமாறுகிறோம். நம் ‘ஓடு’வை எடுத்துக்கொண்டால் ஆறு ஓடுவதும் படம் ஓடுவதும் ஒரே குடும்பம். கூரை ஓடு மட்டும் அதே வீட்டில் குடியிருக்கும் அந்நியர்.

இணைச்சொற்களின் சங்கதியும் இதிலேயே புரிந்துவிடும். ‘ரன்’ என்பதற்கு இணையான சொல் என்ன என்று கேட்டால் விடை கிடையாது. காலால் ஓடுவதற்கு இணை ‘ஸ்பிரின்ட்’, தண்ணீருக்கு ‘ஃப்ளோ’, கடைக்கு ‘மேனேஜ்’. இந்த மூன்றுக்கும் தங்களுக்குள் எந்தச் சொந்தமும் இல்லை. இணை சொல்லுக்கு அமைவதில்லை, பொருளுக்கே அமைகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய ‘வேர்ட்நெட்’ என்ற கம்ப்யூட்டர் சொற்களஞ்சியம் இந்த அடிப்படையில்தான் கட்டப்பட்டது. அதில் ‘ரன்’ பெயராக 16, வினையாக 41 இடங்களில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் கூட வரும் இணைச்சொல் வேறு. அந்த இணையிலும் எடை வித்தியாசம் உண்டு. ‘ஜாக்’ மெதுவோட்டம், ‘ஸ்பிரின்ட்’ மூச்சிரைக்கும் ஓட்டம்.

பல பொருள் ஒரு சொல்லில் எப்படிப் பிரிந்து தெரிகிறது என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில் மூன்று வழி சொல்கிறது: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் ‘மா’வைக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் பூத்தல் என்ற வினையால் அது மரம். மாவும் மருதமும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் இனத்தால் மரம். கவசம் பூண்டு நிற்பவன் மா கொண்டுவா என்றால், அவன் நிற்கும் நிலையைச் சார்ந்து அது குதிரை. ஸ்வின்னியின் சோதனையில் பூச்சியை முடிவுசெய்தவை சிலந்தியும் கரப்பானும், அதாவது இனம். இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு இதைப் பிரித்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

அன்று மாலை அம்மாவோடு உட்கார்ந்து இந்த மூன்றையும் வாட்ஸாப் செய்தியில் தேடினோம். ‘ரன்னிங்’ பக்கத்தில் ‘லோ’ நிற்கிறது. இந்த ஜோடிக்கென்றே தனிப்பொருள் உண்டு. பேச்சு சம்ப்பைப் பற்றியது. காலமோ தண்ணீர்ப் பஞ்சம். அம்மா நோட்டில் ‘ரன் – ஓடு’ என்ற வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே இடம் விட்டு, ‘சம்ப் ரன்னிங் லோ – தண்ணி தீரப்போவுது’ என்று முழுசாக எழுதிக்கொண்டார். பால், பேனா மை, ரேஷன் அரிசி எல்லாவற்றுக்கும் இது சரிவருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அடுத்த செய்தி வந்தது: ‘டேங்கர் இஸ் ரன்னிங் லேட்.’ நோட்டைத் திறக்காமலே அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “லாரி வர நேரமாவுமாம்டி. குளிக்கிறத அப்பறம் பாத்துக்கலாம், இருக்கறத பக்கெட்ல புடிச்சு வை.”