வீடியோ கேம் நிறுவனங்களுக்கு அரசுப் பணம்: யாருக்கு, எவ்வளவு, எதற்காக?

வீடியோ கேம் உருவாக்கும் நிறுவனங்களுக்கு அரசு மானியம் தரலாமா என்று வாதிடுபவர்களில் பலர், அந்தப் பணம் எந்த வழியில் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. நிதியமைச்சர் ஒரு காசோலையை எழுதி நீட்டுகிறார் என்று ஒரு சாரார் நினைக்கிறார்கள். வரியைக் கொஞ்சம் குறைக்கிறார்கள், அதில் என்ன தவறு என்று மறு சாரார் கேட்கிறார்கள். நடைமுறை இரண்டையும் விடச் சிக்கலானது. பிரிட்டன், பிரான்ஸ், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடாவின் கியூபெக் மாகாணம் எனப் பல அரசுகள் ஏற்கெனவே கொடுத்துவருகின்றன. கொடுக்கலாமா என்ற கேள்விக்கான பதில், எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பணம் போகும் வழி

பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. விண்ணப்பங்களைப் பரிசீலித்து நேரடியாக வழங்கும் நிதியுதவி ஒன்று. ஜெர்மனியின் மத்திய அரசுத் திட்டம் இந்த வகை. அரசே கடன் கொடுப்பது அல்லது பிறர் தரும் கடனுக்கு உத்தரவாதமாகப் பின்னால் நிற்பது இரண்டாவது. மூன்றாவதான வரிச் சலுகைதான் இப்போது அதிகம் புழக்கத்தில் இருக்கிறது.

வரிச் சலுகை என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். சாதாரண வரிச் சலுகையால் லாபம் ஈட்டி வரி கட்டும் நிறுவனத்துக்கு மட்டுமே பயன். வீடியோ கேம் திட்டங்களில் பெரும்பாலானவை அப்படி அல்ல. வரி பாக்கி எதுவும் இல்லாத நிறுவனத்துக்கும், நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்துக்கும் தொகை ரொக்கமாகவே கிடைத்துவிடும். பெயர்தான் சலுகை, செயலில் அது மானியமே.

பிரிட்டனின் கணக்கைப் பார்ப்போம். அங்கே 2024 ஜனவரி 1 முதல் புதிய செலவுச் சலுகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. விகிதம் 34 சதவீதம். ஆனால் செலவு முழுவதற்கும் கிடைக்காது. வடிவமைப்பு, உருவாக்கம், சோதனை ஆகிய மையச் செலவுகளில் அதிகபட்சம் 80 சதவீதத்துக்கு மட்டும்தான். ஒரு ஸ்டூடியோ பிரிட்டனுக்குள் 10 லட்சம் பவுண்டு செலவழித்தது என்றால், அதில் 8 லட்சம் கணக்கில் வரும். அதற்கு 34 சதவீதம் 2,72,000 பவுண்டு. இந்தத் தொகையே வரிக்கு உட்பட்ட வருமானம் என்பதால் 25 சதவீத வரி போய், கையில் நிற்பது 2,04,000 பவுண்டு. அதாவது செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. விளம்பரத்துக்காகவும் சூதாட்டத்துக்காகவும் உருவாக்கப்படும் கேம்களுக்கு இடமில்லை. மையச் செலவில் குறைந்தது 10 சதவீதமாவது பிரிட்டனில் நடந்திருக்க வேண்டும். 2014 முதல் இருந்துவந்த பழைய வரி நிவாரணத் திட்டத்தில் புதிய கேம்கள் இனி சேர முடியாது. அத்திட்டம் 2027 மார்ச் 31 அன்று முற்றிலும் முடிகிறது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு தேர்வு உண்டு. கேம் ‘பிரிட்டிஷ்தன்மை’ உடையது என்று பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் பரிசீலனையில் தேற வேண்டும். கதை நடக்கும் இடம், முக்கியப் பாத்திரங்கள், உரையாடலின் மொழி, வேலை நடந்த இடம், வேலை செய்தவர்கள் என்று மொத்தம் 31 புள்ளிகள். தேற 16 போதும். அமெரிக்க நகர வாழ்க்கையைக் கேலி செய்யும் ‘ஜிடிஏ 5’ கூட இதில் தேறிவிட்டது. எடின்பரோவில் உருவான கேம் என்பதால் விதிப்படி அது சரிதான். இருந்தாலும் பண்பாட்டைக் காக்கும் திட்டம் என்று சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

இந்தத் தேர்வு வந்ததற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. அப்போது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. ஒரு தொழிலுக்கு மட்டும் அரசு உதவி செய்வதை ஒன்றியத்தின் விதிகள் எளிதில் அனுமதிப்பதில்லை; பண்பாட்டுக்கு உதவுவதென்றால் வழி உண்டு. சந்தை தானாகவே செய்யும் வேலைக்கு மானியம் எதற்கு என்று ஐரோப்பிய ஆணையம் 2013இல் ஆழமான விசாரணையைத் தொடங்கி, 2014 மார்ச்சில்தான் ஒப்புதல் தந்தது. பண்பாடு என்ற வாதத்தைக் கேட்கும்போது இந்தப் பின்னணியையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கியூபெக் எடுத்துக்காட்டு

மானியத்தை ஆதரிப்பவர்கள் எல்லோரும் முதலில் காட்டுவது கியூபெக்கின் மாண்ட்ரியால் நகரத்தைத்தான். காட்டுவதில் நியாயம் இருக்கிறது. கியூபெக் 1996இல் பல்லூடகத் தயாரிப்புக்கான சலுகையைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் அங்கே ஸ்டூடியோ திறந்தது. பின்னர் வேறு பெரிய நிறுவனங்களும் வந்தன. நகரம் உலகின் முக்கியமான கேம் உருவாக்க மையங்களில் ஒன்றாகிவிட்டது. சலுகை ஊதியத்தின் மீது கணக்கிடப்பட்டது: 30 சதவீதம், பிரெஞ்சு மொழியிலும் வெளியிட்டால் கூடுதலாக 7.5 சதவீதம். ஒரு பொறியாளரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அரசு ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. இளம் தொழில், நடக்கும் வரை கைபிடிக்க வேண்டும் என்பதுதான் தொடக்க வாதம். கைபிடித்த பிள்ளைக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. 2014இல் மாகாண அரசு சலுகையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. தொழில்துறையின் எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டே பழைய விகிதத்துக்குத் திரும்பியது. 2024 பட்ஜெட்டில்தான், ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் பகுதியைப் படிப்படியாகக் குறைக்கும் மாற்றம் வந்தது. ஸ்டூடியோவை வேறு நாட்டுக்கு மாற்ற முடிந்த நிறுவனத்திடம் அரசு பேரம் பேசும்போது யார் கை ஓங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேலைகள் உருவாகவில்லையா? உருவாயின. ஆனால் சரியாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மானியம் இல்லாவிட்டால் அந்தப் பொறியாளர்கள் சும்மாவா இருந்திருப்பார்கள்? தேர்ந்த நிரலாளருக்கு வங்கியிலோ மருத்துவ மென்பொருளிலோ வேலை கிடைத்திருக்கும். கேம் நிறுவனத்தின் ஊதியச் செலவில் அரசு பங்கெடுக்கும்போது, அதே ஊழியருக்காகப் போட்டியிடும் மற்ற உள்ளூர் நிறுவனங்கள் பின்தங்குகின்றன. வேலைவாய்ப்புக் கணக்கை மட்டும் காட்டும் அறிக்கைகளில் இந்த இழப்பு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

நாடுகளுக்கிடையே ஏலம்

ஆஸ்திரேலியா 2014இல் தன் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் கேம் நிதியை ரத்து செய்தது. பிறகு மனம் மாறி, 2022 ஜூலை 1க்குப் பிந்தைய செலவுகளுக்கு 30 சதவீதச் சலுகை தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. உடனே நியூசிலாந்து ஸ்டூடியோக்கள் தங்கள் ஆட்கள் கடல் தாண்டிப் போய்விடுவார்கள் என்று அஞ்சின. 2023இல் நியூசிலாந்தும் 20 சதவீதத் தள்ளுபடியை அறிவித்தது. அண்டை நாடு கொடுத்ததுதான் இரண்டாவது திட்டத்துக்கு முக்கியக் காரணம். இப்படியே போனால் எல்லா நாடுகளும் கொடுக்கும், யாருக்கும் தனி அனுகூலம் இருக்காது, நிறுவனங்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். பொருட்களுக்கான மானியங்களைக் கட்டுப்படுத்த உலக வர்த்தக அமைப்பில் தனி ஒப்பந்தம் உண்டு. சேவைகளுக்கு அதுபோன்ற கடிவாளம் இல்லை.

ஆனாலும் இந்த இரு நாடுகளும் ஒன்றைச் சரியாகச் செய்தன: உச்சவரம்பு வைத்தன. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர், நியூசிலாந்தில் 30 லட்சம் நியூசிலாந்து டாலர். பிரான்சிலும் ஆண்டுக்கு 60 லட்சம் யூரோ என்ற வரம்பு இருக்கிறது. பிரிட்டனில் வரம்பே இல்லை. அதன் விளைவை 2019இல், வரி விவகாரங்களை ஆராயும் டாக்ஸ்வாட்ச் அமைப்பின் அறிக்கை சுட்டிக்காட்டியது: ‘ஜிடிஏ 5’ போன்ற, உலகமே வாங்கி விளையாடும் கேம்களை உருவாக்கும் ராக்ஸ்டார் நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவு, பழைய திட்டத்தின் கீழ் 4.2 கோடி பவுண்டு கோரியிருந்தது. சட்டத்தை மீறியதாக யாரும் சொல்லவில்லை. திட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

ஒரே நிறுவனத்தின் மீது பந்தயம்

மோசமான வடிவம் எது என்று கேட்டால் தயங்காமல் ரோட் ஐலண்டைச் சொல்வேன். அமெரிக்காவின் இந்தச் சிறிய மாநிலம் 2010இல், முன்னாள் பேஸ்பால் வீரர் கர்ட் ஷில்லிங்கின் ‘38 ஸ்டூடியோஸ்’ நிறுவனத்தைப் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸிலிருந்து இழுத்துவர, 7.5 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பின்னால் நின்றது. நிறுவனம் 2012 பிப்ரவரியில் ஒரு கேமை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் திவால் மனு கொடுத்தது. வழக்குகள் மூலம் மாநிலத்துக்கு ஏறக்குறைய 6.1 கோடி டாலர் திரும்பி வந்தது. வட்டியோடு சேர்ந்த மீதி, வரி செலுத்துவோர் தலையில் விழுந்தது.

பின்லாந்தும் கடன் கொடுத்தது. 2010இல் தொடங்கிய சூப்பர்செல் நிறுவனத்துக்கு புதிய தொழில்நுட்பங்களுக்கு நிதி தரும் அரசின் டெகெஸ் அமைப்பு ஆரம்பக் காலத்தில் கடன் தந்தது. பின்னாளில் அந்த நிறுவனம் நாட்டின் பெரிய வரி செலுத்துவோரில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் பின்லாந்து ஒரே குதிரையின் மீது கட்டவில்லை. சிறிய தொகைகளைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துத் தந்தது. ஒன்று தோற்றாலும் கஜானா ஆட்டம் காணாது.

ஆகவே தரலாமா என்றால், செலவு நடந்த பிறகு, தணிக்கை செய்து, நிறுவன வாரியாக உச்சவரம்பு வைத்து, முடிவுத் தேதி குறித்துத் தரலாம் என்பேன். லாபத்தில் கொழிக்கும் பெரிய நிறுவனத்துக்கு எந்தப் பெயரிலும் வேண்டாம்.

இதில் சிறிய ஸ்டூடியோக்கள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கடமும் இருக்கிறது. வரிச் சலுகை, செலவு செய்து, கணக்கு முடித்து, கோரிக்கை தாக்கல் செய்த பிறகுதான் கைக்கு வரும். அதுவரை சம்பளம் கொடுக்கப் பணம் வேண்டும். குறைந்தபட்சச் செலவு வரம்பும் உண்டு: ஆஸ்திரேலியாவில் 5 லட்சம், நியூசிலாந்தில் இரண்டரை லட்சம், அந்தந்த நாட்டு டாலரில். மூன்று பேர் சேர்ந்து ஓர் அறையில் கேம் எழுதுபவர்களுக்கு இந்த வாசலே எட்டாது. அவர்களுக்கு உதவக்கூடியது நேரடி நிதியுதவிதான். அதற்கோ ஒதுக்கீடு முதலில் வருபவர்களிடமே தீர்ந்துவிடும். ஜெர்மனியில் 2023இல் பணம் தீர்ந்து, புதிய விண்ணப்பங்கள் பெறுவது நிறுத்தப்பட்டது.