ஜி.சி. ஓவனுக்குள் ஹைட்ரஜன்: ஆபத்து எங்கே?

ஹீலியம் விலை ஏறியதிலிருந்து ஆய்வகங்களில் அடிக்கடி எழும் கேள்வி: ஜி.சி. (கலவையை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாயில் ஓட்டிப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராஃப்) கருவியில், அந்த ஆவியைச் சுமந்து செல்லும் கேரியர் வாயுவாக ஹைட்ரஜனை விட்டால் வெடிக்காதா? வேலையில் அது சளைத்ததல்ல. ஹீலியம் நொடிக்கு 25 செ.மீ. வேகத்தில் தரும் பிரிப்பை ஹைட்ரஜன் 40 செ.மீ. வேகத்திலேயே தந்துவிடும்.

காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை ஹைட்ரஜன் இருந்தால் தீப்பிடிக்கும். குழாயைச் சூடாக்கும் ஓவன் 14 லிட்டர் என்றால் அந்த 4 விழுக்காடு 560 மி.லி. கேபிலரி குழாய் உடைந்து நிமிடத்துக்கு 2 மி.லி. கசிந்தால், உள்ளே காற்றே மாறாவிட்டாலும் அதை எட்ட நாலரை மணி நேரம் தாண்டும். மாதிரியைச் செலுத்தும் இன்ஜெக்டர் பக்கம் குழாய் முறிந்தால் அழுத்தம் இறங்கிவிடும். மின்னணுக் கட்டுப்பாடு வாயுவையும் ஹீட்டரையும் நிறுத்திவிடும்.

வில்லங்கம் டிடெக்டர் பக்கம்தான். குழாயைக் கழற்றியபின் எஃப்.ஐ.டி.யின் (ஹைட்ரஜன் சுடரால் பொருளைக் கண்டறியும் டிடெக்டர்) அடித்துளையை மூட மறந்து, சுடருக்கான ஹைட்ரஜனைத் திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 35 மி.லி. நேரே ஓவனுக்குள் இறங்கும். 16 நிமிடம் போதும். ஓட்டம் குறித்த அளவிலேயே இருப்பதால் கட்டுப்பாட்டுக்கு எந்தக் குறையும் தெரியாது. அதன்பின் ஹீட்டர் கம்பி சிவந்தால் ஓவன் கதவு தெறிக்கும். ஆகவே கேரியர், டிடெக்டர் என இரு ஹைட்ரஜன் வழிகளையும் அடைத்தபிறகே குழாயில் கை வையுங்கள். துளைக்கு அடைப்பு நட்டு போடுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் இதே கதைதான்: முதலில் வாயுவை அடைத்து, ஓவன் கதவைத் திறந்து காற்றாட விட்டு, பிறகு சுவிட்ச்.

சிலிண்டர் கணக்கு வேறு. 47 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7 கன மீட்டர் வாயு அடைந்து கிடக்கிறது. 5×4×3 மீட்டர் அறையில் அது முழுதும் கசிந்தால் 10 விழுக்காட்டைத் தாண்டும். எனவே சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே சங்கிலியால் கட்டி நிறுத்தி, எவர்சில்வர் குழாய் வழியாக உள்ளே கொண்டுவருவதே சரி. ரெகுலேட்டருக்கு அடுத்து ஓட்டத் தடுப்பான் ஒன்று இருந்தால், குழாய் அறுந்தாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாயு வராது. ஹைட்ரஜன் மேலே ஏறும் என்பதால் சென்சாரைக் கூரையை ஒட்டி வைக்க வேண்டும். கருவிக்கு லட்சக்கணக்கில் ஒதுக்குபவர்கள் இந்தச் சென்சாருக்கு ஏன் கணக்குப் பார்க்கிறார்களோ!

ரெகுலேட்டர் நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். ஏறவில்லை என்று அடாப்டர் தேடாதீர்கள். மற்ற சிலிண்டர்களைப் போல் வால்வைச் சற்றே திறந்து தூசி ஊதவும் கூடாது: 0.02 மில்லிஜூல் பொறியே பற்றவைக்கும், பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்கே படாது. ஆயுத பூஜைச் சூடத்தையும் வேறு அறையில் காட்டுங்கள்.

இன்ஜெக்டரில் மாதிரியின் ஒரு பகுதியை மட்டும் குழாய்க்குள் விட்டு மீதியை வெளியேற்றும் ஸ்பிளிட் வென்ட்டைப் பலர் மறக்கிறார்கள். நிமிடத்துக்கு 50 முதல் 100 மி.லி. வரை அதன் வழியாகத்தான் போகிறது. அதைக் குழாய் மூலம் புகைபோக்கி அறைக்குள் (ஃபியூம் ஹூட்) விட வேண்டும்.