காணிக்கை இருக்க நன்கொடை எதற்கு?

ஞாயிறு திருப்பலி, அதாவது பூசை, முடிந்ததும் வாசிக்கிற அறிவிப்புகளில் "தாராளமாக நன்கொடை வழங்கி ஆதரிக்குமாறு" என்ற தொடர் மதுரைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (ஊர்க் கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டங்களில்) நிலைத்துவிட்டது. கூரை ஒழுகினால் நன்கொடை, மணி பழுதானால் நன்கொடை, திருவிழாச் சப்பரத்துப் பூவுக்கும் நன்கொடை. சரி, பெரிய செலவுக்குப் பெரிய சொல் என்று விட்டுவிடலாம். ஆனால் அண்மையில் ஒரு பங்கின் அறிவிப்புப் பலகையில் ‘ஞாயிறு நன்கொடை’ என்று எழுதி, அந்த வாரம் பூசையில் சேர்ந்த தொகையை எதிரே போட்டிருந்தார்கள். பை ஏந்தி வரும்போது பிள்ளைகள் போடுகிற பத்து ரூபாயும் அதில் சேர்த்தி. அந்தப் பணத்துக்குக் காணிக்கை என்று பெயர். தெரிந்த பெயர், நல்ல பெயர், எல்லாரும் சொல்கிற பெயர். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

காண் என்ற வினையடியில் பிறந்தது காணிக்கை. பெரியவரைக் காணப் போகிறவர் வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோய் வைப்பது. கன்னடத்தில் காணிகெ, மலையாளத்தில் காணிக்க, தெலுங்கில் கானுக. தமிழ்ச் சொல்தானா என்று ஐயப்படுகிறவர்களுக்கு இந்த உறவுமுறையே போதும். பழந்தமிழில் இதே பொருளுக்குக் கையுறை என்றும் ஒரு சொல் உண்டு. இன்று அது கையில் மாட்டுகிற உறையாகிவிட்டது, திரும்ப அழைக்க முடியாது. நன்கொடை என்பது நல்ல கொடை, அவ்வளவுதான்.

மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஞானிகள் குழந்தையைக் கண்டார்கள், விழுந்து வணங்கினார்கள், பொன்னையும் சாம்பிராணியையும் வெள்ளைப்போளத்தையும் காணிக்கையாகக் கொடுத்தார்கள். காண்பதும் காணிக்கையும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. கத்தோலிக்கரின் திருவிவிலியத்திலும் சீர்திருத்தச் சபையாரின் பழைய வேதாகமத்திலும் அப்படித்தான். இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்ததைப் பிப்ரவரி 2-ஆம் தேதி ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா என்று கொண்டாடுகிறோம். அப்பமும் இரசமும் பீடத்துக்குக் கொண்டுபோவது காணிக்கைப் பவனி, அப்போது பாடுவது காணிக்கைப் பாடல். இந்த இடங்களில் நன்கொடை என்று வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். நாக்கு ஒத்துக்கொள்ளாது. அதே பவனியோடு வருகிற பையில் விழுகிற பணத்துக்கு மட்டும் அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

நன்கொடை வேண்டும் என்பவர்களில் சிலர், காணிக்கை என்பது இந்துக் கோயில் உண்டியலில் எழுதியிருக்கிற சொல், நமக்கு அது எதற்கு என்கிறார்கள். மதுரைக் கிறிஸ்தவர்கள் இதைச் சொல்லலாமா? 1606-இல் இந்த ஊருக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, இங்குள்ளவர்கள் பக்தியோடு சொல்லிப் பழகிய சொற்களைத் தேடி எடுத்துத்தான் நம் மறையை விளக்கினார். அந்த வழியில் வந்ததால்தான் இன்றும் நாம் கோயிலுக்குப் போகிறோம், பூசை காண்கிறோம். மீனாட்சியம்மன் கோயிலில் வழங்குகிறது என்பதற்காக ஒரு சொல்லை ஒதுக்கத் தொடங்கினால் கோயில் என்ற சொல்லையே முதலில் ஒதுக்க வேண்டியிருக்கும்.

தமிழ் படித்த ஒருவர் சொன்ன வாதம் இதைவிட வலுவானது. தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் பிரித்துச் சொல்கிறது. தாழ்ந்தவன் கேட்கும்போது ஈ என்பான், ஒத்தவன் தா என்பான், உயர்ந்தவன் கொடு என்பான். கேட்பவர் கடவுள், அவர் உயர்ந்தவர், எனவே கொடு என்பதுதான் அவர் வாய்க்குரிய சொல், கொடைதான் சரி என்றார் அவர். இலக்கணம் அப்படித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கேட்கிறவன் கூற்றுக்கான விதி. கொடுக்கிறவன் செயலுக்குக் கொடை என்ற பெயர் வந்தபின் அதன் வாழ்க்கை வேறாகிவிட்டது. கொடை என்றதும் தமிழன் நினைவுக்கு வருகிறவர்கள் வள்ளல்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அவன் ஆண்ட பறம்பு இன்றைய பிரான்மலை, நமக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டம்தான். அவன் மன்னன், வாங்கினது ஒரு கொடி. பாணரும் புலவரும் வாங்கினபோதும் கொடுத்தவன் மேலே, வாங்கினவர் கீழே. கொடைக்கு அதுதான் இடம். நன்கொடை என்ற சொல் அந்த நிலையை அப்படியே தூக்கிக்கொண்டு வருகிறது. கொடுப்பவர் புரவலர், அவர் பெயர் கல்லில் ஏறும், அவருக்கு முன்வரிசை. காணிக்கையில் இது தலைகீழ். வைக்கிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் அங்கே சிறியவர், ஏனென்றால் யாரைக் காண வந்தாரோ அவர் பெரியவர். கடவுளுக்கு முன் யாரும் பாரியாக நிற்க முடியாது. அதனால்தான் இந்த ஒரு சொல் மாற்றம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, போடுகிறவர்களைக் கவனிக்கிறார். செல்வர்கள் மிகுதியாகப் போடுகிறார்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு காசு போடுகிறாள். மற்றவர்கள் தங்களிடம் மிகுந்ததிலிருந்து போட்டார்கள், அவளோ தன் பிழைப்புக்கு வைத்திருந்ததையே போட்டாள் என்கிறார். செல்வர்கள் போட்டதை வேண்டுமானால் நன்கொடை என்று சொல்லிக்கொள்ளலாம். அவளுடைய இரண்டு காசை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், பங்கு என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கோயிலைச் சேர்ந்த மக்கள் கூட்டத்துக்குப் பங்கு என்றும், அதைச் சேர்ந்தவர்களுக்குப் பங்குமக்கள் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். பங்கு உள்ளவர் அதற்குச் சொந்தக்காரர். வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற பணத்தை யாரும் நன்கொடை என்பதில்லை. வெளியாள் கொடுத்தால்தான் அது நன்கொடை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 222-ஆம் எண் சொல்கிறது. பத்தில் ஒன்று என்று அளவு எதுவும் அங்கே இல்லை. கத்தோலிக்க மறைக்கல்வி ஏடும் அவரவர் இயன்ற அளவுக்கு என்றுதான் சொல்கிறது. இயன்ற அளவு என்றால் பிடியரிசியும் அதில் அடங்கும்.

பிடியரிசி தெரியாத இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். உலையில் போட அரிசியை அளந்த பிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவார்கள். வேளைக்கு ஒரு பிடி. கலயம் நிரம்பியதும் அது கோயிலுக்குப் போகும். பணமே கையில் புழங்காத பெண்கள் கோயிலைத் தாங்கியது இப்படித்தான். தென்னிந்தியத் திருச்சபையாரின் அறுப்பின் பண்டிகையில் முதல் காய்ப்பு வெண்டைக்காயும் பூசணியும் சேவலும் பீடத்தின் முன் வந்து சேர்ந்து, பிறகு ஏலத்துக்குப் போகும். ஒருவர் நல்ல விலைக்கு எடுத்த சேவலை அங்கேயே திரும்பக் கொடுத்துவிடுவார், அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே சேவல் இருமுறை காணிக்கையாகும். நன்கொடை என்று பலகையில் எழுதிய இடத்தில் இந்தச் சேவலையும் அந்த ஒரு பிடி அரிசியையும் எந்த வரிசையில் சேர்ப்பது? ரசீது போட முடியாததெல்லாம் மெல்ல மெல்லக் கணக்கிலிருந்தும் மனத்திலிருந்தும் விலகிப்போகிறது.

நன்கொடையைவிட மோசமான ஒரு சொல்லும் உள்ளே வந்துவிட்டது. ஒருவருக்காகப் பூசை வைக்கச் சொல்லி, அதாவது திருப்பலிக் கருத்துக்கு, கொடுப்பதைச் சில பங்கு அலுவலகங்களில் ‘திருப்பலிக் கட்டணம்’ என்று எழுதுகிறார்கள். பேச்சில் பூசைப் பணம் என்று சொல்வது வேறு, அதில் விலை இல்லை. கட்டணம் என்றால் விலை. இந்தக் காணிக்கையில் வணிகத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்று சட்டத்தின் 947-ஆம் எண் சொல்கிறது. வறுமையால் ஒருவருக்கு அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை) கிடைக்காமல் போய்விடக் கூடாது என்று 848-ஆம் எண் சொல்கிறது. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, கட்டணம் என்று பலகை வைத்தால், கையில் பணமில்லாத ஒரு பாட்டி தன் கணவரின் நினைவுநாளுக்குப் பூசை கேட்க வாசலோடு தயங்கி நிற்பாள். எழுதியவருக்கு அப்படி எண்ணம் இருந்திருக்காது. ஆனால் சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஊர்களில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வசூலிப்பதை வரி என்றே சொல்கிறார்கள். அது நேர்மையான சொல், இருக்கட்டும். பங்கின் பள்ளிக்கோ மருந்தகத்துக்கோ வேற்று மதத்தவர் ஒருவர் பணம் தந்தால் அது நன்கொடை. அறக்கட்டளை ரசீதில் நன்கொடை என்று அச்சடிப்பதும் சரி. அந்தச் சொல்லுக்கு உரிய இடம் அதுதான். நம்மவர் கொடுத்தால் சிறியதும் பெரியதும் காணிக்கையே. மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில் 1894-இல் எழுந்த திரு இருதய ஆலயத்துக்கு, நோய் நீங்கிய பிரெஞ்சுப் பெண் ஒருவர் நன்றியாக அனுப்பிய பணம் உதவியது என்று சொல்வார்கள். கடல் கடந்து வந்த பணம், பெரிய தொகை. இருந்தாலும் நன்றிக்காகக் கடவுள் முன் வைத்தது, ஆகவே காணிக்கை.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர், ஆங்கிலச் சுற்றறிக்கையை அகராதி வைத்துப் பெயர்க்கிற பழக்கம். டொனேஷன் என்று கண்டால் நன்கொடை, ஃபீஸ் என்று கண்டால் கட்டணம். மொழிபெயர்க்கிறவர் அந்த ஞாயிறு கோயிலில் கேட்ட தமிழை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருந்தால் போதும். புதிய சொல்லே கூடாது என்பது என் கட்சி இல்லை. இஸ்பிரீத்து சாந்து போய்த் தூய ஆவி வந்தது நல்லதே. குடும்பங்கள் கூடுகிற சிறு குழுவுக்கு அன்பியம் என்று பெயர் வைத்தார்கள். அன்பிலிருந்து பிறந்த சொல், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, கிழவிகள்கூட முதல் வாரமே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெயர்ப்பென்றால் அப்படி இருக்க வேண்டும்.

இப்போது ஸ்டீவர்ட்ஷிப் என்ற சொல் வந்திருக்கிறது. கடவுள் தந்த நேரம், திறமை, பொருள் எல்லாவற்றையும் அவருக்கு உரியதாகக் கருதி நடத்துவது என்ற நல்ல கருத்து. அதற்கு ‘மேலாண்மை’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மேலாண்மை கம்பெனிச் சொல்; அதில் ஆள்வது மட்டும் இருக்கிறது, உடைமைக்காரர் வேறொருவர் என்பது இல்லை. லூக்கா 16-இல் வருகிற அந்த ஆளைப் பழைய வேதாகமம் உக்கிராணக்காரன் என்றது. உக்கிராணம் என்றால் பண்டசாலை, கல்யாண வீட்டில் இன்றும் உக்கிராண அறை உண்டு. சாவி அவன் கையில், சாமான் முதலாளியுடையது. திருவிவிலியம் அதையே வீட்டுப் பொறுப்பாளர் என்று எளிமையாக்கியது. அதிலிருந்து பொறுப்பாண்மை என்று எடுத்துக்கொள்ளலாம், அல்லது பொறுப்பு என்றே விடலாம். பங்குப் பேரவையில் அடுத்த ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும்போது இந்தச் சொற்களை ஒருமுறை எடுத்து வைத்துப் பேச வேண்டும். முதல் வரியில் காணிக்கை என்று போடச் சொல்ல வேண்டும்.