அலையை மறைக்கும் வடிகட்டி அறுந்த கம்பியையும் மறைக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தின் இறங்குதுறை ஒன்றில், கடல் மட்டத்தை அளக்கும் அழுத்த உணரி ஒன்று பொருத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நீர்மட்டம் 0 மீற்றராக இருக்கும்போது 4 மில்லிஅம்பியர், 4 மீற்றராக இருக்கும்போது 20 மில்லிஅம்பியர் என்ற அளவில் அது மின்னோட்டத்தை அனுப்புகிறது. அதை எண்ணாக மாற்றுவது, பிஎல்சி எனப்படும் தொழிற்துறைக் கட்டுப்பாட்டுக் கணினியின் அனலொக் உள்ளீட்டு மொட்யூலின் வேலை. சீமென்ஸ் எஸ்7 வகை மொட்யூல்களில் இந்த வீச்சு 0 முதல் 27648 வரையான எண்களாகப் பதிவாவதால், ஓர் எண் ஏறத்தாழ 0.14 மில்லிமீற்றரைக் குறிக்கும். எண்ணை மீற்றராக்குவது எளிய விகிதக் கணக்கு. கவனம் தேவைப்படுவது, அளவீட்டின் வேகமான ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்யும் வடிகட்டியில்தான்.

முதலில் மின்வலையின் இரைச்சல். இலங்கையில் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் என்பதால், மொட்யூல் ஒவ்வோர் அளவீட்டையும் 20 மில்லிசெக்கன் நேரத்துக்குத் தொகுத்து எடுத்தால், அந்த இரைச்சலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துவிடும். அமைப்பில் 60 ஹேர்ட்ஸ் தெரிவாகியிருந்தால் இந்தப் பயன் குன்றிவிடும். புதிய மொட்யூலில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

அடுத்தது அலை. கப்பல்கள் கிளப்பும், 6 செக்கனுக்கு ஒருமுறை 10 சென்ரிமீற்றர் மேலும் கீழும் அசையும் அலையை, 60 செக்கன் நேர மாறிலி கொண்ட (அதாவது, திடீர் மாற்றம் ஒன்றின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எட்ட 60 செக்கன் எடுக்கும்) முதலாம் வரிசை வடிகட்டி 63 மடங்கு சுருக்கி, 1.6 மில்லிமீற்றர் அசைவாக்கிவிடும். அதற்கான விலை தாமதம்: சீராக ஏறும் அளவீடு, ஏறும் வேகத்தை நேர மாறிலியால் பெருக்கிய அளவு பின்தங்கும். வற்றுப்பெருக்கு 6 மணித்தியாலத்தில் 60 சென்ரிமீற்றர் ஏறுகிறதென்று வைத்தாலும் பின்தங்கல் 2 மில்லிமீற்றருக்கும் குறைவே. 20 நிமிட அலைவுகாலம் கொண்ட சுனாமி அலையும் இதே வடிகட்டியூடாகத் தன் வீச்சத்தில் 95 வீதத்துடன் கடந்துவரும். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையோரத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நேர மாறிலியைத் தெரிவு செய்யக்கூடாது. ஆனால் அதே 60 செக்கனை, செக்கனுக்கு 2 மில்லிமீற்றர் வேகத்தில் நிரம்பும் சிறிய எரிபொருள் தாங்கிக்கும் கொடுத்தால், திரையில் தெரியும் மட்டம் உண்மையைவிட 12 சென்ரிமீற்றர் குறைவாக இருக்கும். தாங்கி வழியத் தொடங்கிய பின்னரே எச்சரிக்கை ஒலிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றிலும் மோசமானது கம்பி அறுந்த நிலை. இயங்கும் உணரி 4 மில்லிஅம்பியருக்குக் கீழ் அதிகம் இறங்காது என்பதால், 3.6 மில்லிஅம்பியரோ அதற்குக் குறைவோ வந்தால் அதைப் பழுதாகக் கொள்ளவேண்டும் என்பது நாமூர் என்ற தொழிற்துறைப் பயனர் அமைப்பின் என்.ஈ. 43 பரிந்துரை. இந்தச் சோதனை வடிகட்டிக்குப் பின்னால் நடந்தால் என்னவாகும்? 12 மில்லிஅம்பியரில் இருந்த அளவீடு, உண்மையான மின்னோட்டம் உடனே 0 ஆனாலும், கம்பி அறுந்த கணத்திலிருந்து மெல்லச் சரிந்து 3.6ஐத் தொட 72 செக்கன் எடுக்கும். அதுவரை கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்குக் கடல் பின்வாங்குவதாகவே தோன்றும். இந்தக் கரையில் அது சாதாரணத் தோற்றமல்ல.

ஆகவே அறுந்த கம்பியைக் கண்டறியும் சோதனை வடிகட்டப்படாத மூல மதிப்பில் நடக்கிறதா என்பதைக் கையேட்டில் உறுதிப்படுத்த வேண்டும். அப்படியில்லாத மொட்யூலில் உள்வடிகட்டியை மிகச் சிறிய மாறிலியில் விட்டுவிட்டு, நீண்ட வடிகட்டலைப் பிஎல்சி நிரலில், பழுதுச் சோதனைக்குப் பின்னர் வைப்பதே பாதுகாப்பானது.