பனிப்பறவையும் குளிர்வலசையரும்

கனடாவின் ஓய்வூதியர்கள் நவம்பரில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போவதைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் அதில் 'பனிப்பறவைகள்' வந்துவிடுகின்றன. இவர்களைக் குறிக்கும் ஸ்னோபேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, முன்பாதிக்குப் பனி, பின்பாதிக்குப் பறவை என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்ற நினைப்பு. வெட்டினால் உயிர் போய்விடும் சொற்களில் இது ஒன்று.

பொருளை முதலில் பார்த்துவிடலாம். வீடு வடக்கே இருக்கும். குளிர் தொடங்கியதும் ஆள் வெதுவெதுப்பான ஊருக்குப் போய் நான்கு முதல் ஆறு மாதம் தங்குவார். வசந்தத்தில் அதே வீட்டுக்குத் திரும்புவார். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவர் ஸ்னோபேர்ட் இல்லை. தங்குவது சொந்தக் குடியிருப்பிலா, மோட்டார்ஹோம் என்ற வீடுபோன்ற வண்டியிலா என்பது வசதியைப் பொறுத்தது.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. வட அமெரிக்காவில் ஜங்கோ என்ற சாம்பல்நிறச் சிறு பறவைக்கு மக்கள் வைத்த பெயர் ஸ்னோபேர்ட். கோடையைக் கனடாவின் காடுகளில் கழித்துவிட்டு, பனி விழும் காலத்தில் தெற்கே வீட்டுத் தோட்டங்களில் வந்து இறங்கும். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிட்ட லின்னேயஸ் அதற்குக் கொடுத்த 'ஹையமாலிஸ்' என்ற இனப்பெயருக்கும் குளிர்காலத்துக்குரியது என்றே பொருள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் படையில் அது வசைச்சொல்லானது: குளிர்காலத்தில் சோற்றுக்கும் கூரைக்குமாகப் படையில் சேர்ந்து, வசந்தம் வந்ததும் ஓடிப்போகிறவன். பிறகு குளிர்காலத்தில் தெற்கே வேலை தேடிப் போன தொழிலாளி, கடைசியில் ஓய்வூதியர். இடையில் கொக்கேய்ன் பழக்கக்காரரையும் இதே சொல்லால் குறித்தார்கள்; அதை விட்டுவிடலாம்.

இப்போது பனிப்பறவைக்கு வருவோம். ஜங்கோ பனியோடு வருகிற பறவை. மனிதரோ பனியைக் கண்டு ஓடுகிறவர். பெயர் அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆங்கிலத்தில் நூறாண்டுப் புழக்கத்தில் இந்த முரண் தேய்ந்துபோய் யாருக்கும் உறுத்துவதில்லை. தமிழில் அந்தத் தேய்மானம் நடக்கவே இல்லை. பனிப்பறவை என்று முதன்முறை கேட்பவர் மனத்தில் பனியில் வாழும் பறவைதான் எழும். பெங்குவினை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பனிக்கு அஞ்சி ஓடுகிறவரைப் பனியோடு கட்டிப் போட்டிருக்கிறது இந்தச் சொல்.

இன்னொரு சிக்கல், தமிழில் பனி என்றாலே வானிலிருந்து கொட்டும் வெண்பனி இல்லை. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்ட மொழி இது. அந்தப் பனி புல்லில் துளிர்க்கும் ஈரம், விடியலில் கவியும் மூட்டம். அதற்கு அஞ்சி யாரும் 4,000 கிலோமீட்டர் வண்டி ஓட்டுவதில்லை. போதாக்குறைக்குக் கனடா விமானப்படையின் வான்சாகசக் குழுவின் பெயரும் ஸ்னோபேர்ட்ஸ். ஒரே நாளிதழில் ஒரு பக்கத்தில் பனிப்பறவைகள் வானில் குட்டிக்கரணம் அடிக்கும். அடுத்த பக்கத்தில் பனிப்பறவைகள் மருத்துவக் காப்பீடு எடுக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், பனிப்பறவையிலிருந்து ஒரு வினை பிறக்காது. 'அவர்கள் ஆண்டுதோறும் பனிப்பறவை செய்கிறார்கள்' என்று எழுத முடியுமா? வினை தராத கலைச்சொல்லைக் கட்டுரையின் இரண்டாம் பத்தியிலேயே கைவிட வேண்டியிருக்கும். கைவிட்டதும் கை போகும் இடம் 'புலம்பெயர்ந்தோர்', 'குடியேறிகள்', 'இடம்பெயர்ந்தோர்'. மூன்றும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, போரில் வீடிழந்தவர்களுக்கு உரிய சொல்லை எடுத்து ஓய்வுப் பயணத்துக்குப் போர்த்துவது.

குடியேறி என்று எழுதுவது சட்டப்படியும் பொய். கனடியர் பொதுவாக அமெரிக்காவில் ஆறு மாதம் வரை வருகையாளராகத்தான் தங்குகிறார். அமெரிக்க வரித்துறைக்குத் தனிக் கணக்கு: இந்த ஆண்டின் நாட்கள் முழுதும், போன ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு. இந்த ஆண்டில் 31 நாளாவது இருந்து, கூட்டுத்தொகை 183ஐத் தொட்டால் வரி நோக்கில் அங்கே வசிப்பவராகக் கருதப்படுவார். ஆண்டுக்கு 122 நாள் வீதம் மூன்றாண்டு தங்கினால் சரியாக 183 வரும். 121 என்றால் தப்பினார். மீறியவர், அந்த ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்திருந்தால், தம் நெருங்கிய பிணைப்பு கனடாவோடுதான் என்று 8840ஆம் படிவத்தில் காட்டலாம். ஒன்டாரியோவின் பொதுமருத்துவக் காப்பும் 12 மாதத்தில் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்கச் சொல்கிறது. இத்தனை விதிகளும் 'திரும்பி வருவார்' என்ற ஒரே அச்சில் சுழல்கின்றன. திரும்புதல் இல்லாத சொல் இங்கே செல்லாது.

கையில் இருக்கும் சொல் வலசை. பறவைகள் வலசை போகின்றன என்று பள்ளிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் அது முதலில் மனிதருக்கு உரிய சொல்: படைக்கு அஞ்சி ஊரை விட்டுப் போதல் என்றே பழைய அகராதிப் பொருள். குத்துக்கல்வலசை போன்ற ஊர்ப்பெயர்களில் இன்றும் நிற்கிறது. தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ. தெலுங்கிலிருந்து வந்ததாயிற்றே என்று மூக்கைச் சுளிக்கும் தனித்தமிழ் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஆங்கிலத்தை எலும்பு எலும்பாகப் பெயர்த்த பனிப்பறவையைவிடப் பக்கத்து வீட்டு வலசை எவ்வளவோ நெருக்கம். பழைய பொருளில் திரும்புதல் இல்லை என்பது நியாயமான ஆட்சேபம். அந்தக் குறையைப் பறவையியலார் தீர்த்துவிட்டார்கள். இன்று வலசை என்றால் போவதும் பருவம் மாறியதும் மீள்வதும் சேர்ந்ததுதான்.

ஆகவே செயலுக்குக் குளிர்வலசை, ஆளுக்குக் குளிர்வலசையர், வினைக்குக் குளிர்வலசை போதல். 'தென்வலசை' என்று சிலர் முன்வைப்பது ஆஸ்திரேலியாவில் உடைந்துவிடும். அங்கே விக்டோரியாவின் குளிருக்குத் தப்ப வடக்கே குயின்ஸ்லாந்துக்குப் போக வேண்டும். திசை மாறும், குளிர் மாறாது.

வண்டியின் பெயரும் இதே கதிதான். மோட்டார்ஹோமை 'நகரும் வீடு' என்கிறார்கள். அது மொபைல்ஹோமின் நேர்ப்பெயர்ப்பு. மொபைல்ஹோமோ ஒரு மனையில் இறக்கிவிட்டால் பெரும்பாலும் நகராத ஆயத்த வீடு. எஞ்சினோடு ஓடுவதை வண்டிவீடு எனலாம். 'ஐந்தாம் சக்கரம்' என்று எழுதப்படுவது சக்கரமே இல்லை. பிக்கப்பின் முதுகில் பூட்டி இழுக்கும் டிரெய்லர்.

சொல் பிழைத்தால் பொருளும் உடையும் இடம் 'வின்டரைஸ்'. இதைக் 'குளிர்காலத்துக்குத் தயார்செய்தல்' என்று பெயர்த்தால், குளிர்காலப் பயணத்துக்கு வண்டி தயார் என்று படிப்பவர் நினைப்பார். உண்மையில் அது குழாய்களை உறங்கவைக்கும் வேலை. நன்னீர்த் தொட்டியை வடிக்க வேண்டும். வெந்நீர்க் கலனை ஆறவிட்டு வடித்து, கலனுக்குள் எதுவும் போகாமல் சுற்றிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். மறந்தால் ஆறு கேலன் கலன், அதாவது 23 லிட்டர், குழாய்களில் செலுத்தும் உறைதடுப்பியை, அதாவது குளிரில் உறையாத திரவத்தை, வீணாகக் குடித்துவிடும். அடிவடிகால்களைத் திறந்து காலியாக்கி மூடியபின், ஒவ்வொரு குழாயிலும் உறைதடுப்பியின் இளஞ்சிவப்பு வரும்வரை பம்பை ஓட்டுவார்கள். வழக்கமாக 2 முதல் 3 கேலன் போதும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். வளையும் குழாய் தாங்கினாலும் இணைப்புகளும் பம்பும் வால்வும் வெடிக்கும்.

டிசம்பரில் கிளம்பும் குளிர்வலசையர் இந்த நிலையிலேயே வண்டியை ஓட்டி, புட்டித் தண்ணீரில் சமாளித்து, இரவிலும் உறையாத ஊர் வந்தபின்தான் தொட்டியை நிரப்புகிறார். நிரப்புமுன் 57 லிட்டருக்கு 60 மில்லிலிட்டர் மணமற்ற பிளீச் கலந்து இரவு முழுதும் விட்டு அலசுவது முறை. கலனில் நீர் நிரம்புமுன் மின்சூடேற்றியைப் போட்டால் அது எரிந்துபோகும்.

'உறைதடுப்பி' என்று மட்டும் எழுதி நிறுத்துவதுதான் மன்னிக்க முடியாதது. குடிநீர்க் குழாய்க்குப் புரோப்பிலீன் கிளைக்கால். எஞ்சினுக்கு வழக்கமாக ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால், அது நஞ்சு. கலைச்சொல் தூய்மைக்காக வேதிப்பெயரை நீக்கிவிட்டு எழுதிய கையேட்டைப் படிப்பவர் இரண்டில் எதை வாங்குவார்? அங்கே கடன்சொல்லே பாதுகாப்பு; வலசைக்காக வாதாடுபவரும் அதில் கை வைக்கக் கூடாது.

வடக்கிலிருந்து புளோரிடாவுக்கே குடிபோய், அங்கே வெயில் தாங்காமல் பாதி வழி திரும்பிக் கரோலைனாவில் வீடு வாங்குபவரை ஆங்கிலத்தில் 'ஹாஃப்பேக்' என்பார்கள். அவர் குளிர்வலசையர் இல்லை. அவரை 'பாதி முதுகு' என்று பெயர்ப்பதாக இருந்தால் யாரும் அந்தச் சொல்லைத் தொட வேண்டாம்.